முதலில் சிரித்தவன்

கண்ணு,

இந்தக் கடிதத்தைக் காப்பித் தோட்டத்தில் நின்றுகொண்டு அவசரமாகப் படிக்காதே. வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு, தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்து படி. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். சாமை அறுப்பு முடிந்துவிட்டது. ஆனால் மூன்று நாளைக்கு முன் இங்கே பத்து ஊரும் கூடும் நாட்டுக் கூட்டம் நடந்தது. அதில் நடந்ததை ஊரார் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும். நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. உனக்குத் தெரிந்த சிலதையும் திரும்ப எழுதுகிறேன். நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நீ பார்த்தது ஒன்று, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் நடந்தது வேறொன்று.

யுத்தத்துக்கு முன்னால், நீ சின்னப் பையனாக இருந்தபோது, சினிமாக் கம்பெனி ஒன்று நம் மலைக்கு வந்தது. வெகு காலத்துக்கு முன் இந்த மலையை ஆண்ட வில்லாளி ராசாவின் கதையைப் படம் பிடிக்கிறோம் என்றார்கள். காமிராப் பெட்டி, துணி மூட்டை, அட்டைக் கிரீடம், மரக்கத்தி எல்லாவற்றையும் நாங்கள்தான் தலைச்சுமையாக மேலே ஏற்றினோம். ராசா வேஷம் கட்ட வந்தவரையும் நாங்கள்தான் ஏற்றினோம். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. தொந்தி, முட்டிவலி. நாடக மேடையில் முப்பது வருஷம் பெண் வேஷம் கட்டிப் பேர் வாங்கியவர். நானும் இன்னும் மூன்று பேரும் அவரை டோலியில் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். நல்ல மனுஷர். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கச் சொல்லி எங்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார். ஒருமுறை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இந்த வேஷம் பொருந்தாதுன்னு எனக்கே தெரியும்ப்பா. என் பேருக்குக் கூட்டம் வரும்னு முதலாளி நினைக்கிறார். நானும் சரின்னுட்டேன். சாகறதுக்குள்ளே ஒரு தடவை மீசை வெச்சுப் பாக்கணும்னு ஆசை."

குதிரைக் கதையை உனக்கு வீட்டில் சொல்லியிருக்கிறேன். கீழேயிருந்து ஒரு குதிரையைப் பிடித்து வந்தார்கள். அது காலை உதைத்ததும் ராசாவுக்கு வேர்த்துவிட்டது, கிட்டேயே போகமாட்டேன் என்றார். கடைசியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவில் தவிட்டு மூட்டையைக் கட்டி, அதன் மேல் அவரை உட்காரவைத்து, அடியில் நாங்கள் நாலு பேரும் தோள் கொடுத்து ஓடினோம். இடுப்புக்கு மேலேதான் எடுக்கிறேன், நீங்கள் யாரும் தெரியமாட்டீர்கள் என்றார் காமிராக்காரர். நம் நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் படம் எடுத்த ஓடைப் பக்கம் வரவே இல்லை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாம்பூலத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு, நம் ராசாவை ஊர் உலகமெல்லாம் பார்க்கப்போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டார். கூடத் தூக்கிய மூவரில் இரண்டு பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். ஒருவன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தக் குதிரையைப் பற்றித் தெரிந்தவர்கள் மலையில் நீயும் நானும்தான் மிச்சம்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, தேய்ந்து, இத்தனை வருஷம் கழித்து அடிவாரத்துச் சந்தைப்பேட்டையில் டென்ட் கொட்டகைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் நமக்கும் அடிவாரத்து வியாபாரிகளுக்கும் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் பலாப்பழ எடையில் தகராறு வந்து, நம் ஆட்களைக் காட்டான் என்று சந்தை நடுவில் திட்டியிருந்தார்கள். அதனால்தான் பட்டக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். கொட்டகை வாசலில் நின்று அவர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "இது கூத்து இல்லே. நம்ம ராசா. ஒருத்தரும் வெத்தலை போடக் கூடாது, காலை நீட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. கீழ்நாட்டான் நம்மளைப் பாத்துக்கிட்டு இருப்பான்." திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். கொட்டகைக்காரர் நெருப்புக்குப் பயந்து தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

முன்னால் மணலில் நாம். நமக்குப் பின்னால் பெஞ்சில் அடிவாரத்து ஆட்கள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். நான் பட்டக்காரருக்கு இடது பக்கம், நீ எனக்கு நேர் பின்னால். விளக்கை அணைத்தார்கள். ராசா வந்தார். கண்ணு, அந்த மனுஷரின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தும், அவர் நடந்து வந்ததைப் பார்த்ததும் என் வயிறு பிடித்துக்கொண்டது. முப்பது வருஷம் பழகின நடை விடுமா? இடுப்பு ஒரு பக்கம் போக, கிரீடம் மறுபக்கம் போயிற்று. வில்லை வீணையைப் பிடிப்பது போல மடியில் சாய்த்துக்கொண்டார். பதினாறு வயசுப் பெண் ராணியாக வந்து "பிராணநாதா" என்றதும், அவளைவிட அழகாக நாணி, இல்லாத முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். எதிரிப் படை வந்து நிற்கிறது. அம்பு விடுவதற்கு முன் ஒரு பாட்டு. அத்தனை பேரும் வேலை ஊன்றிக்கொண்டு பாட்டு முடியக் காத்திருக்கிறார்கள். வேட்டையில் புலிமேல் அம்பு விட்டால், அது போய்ச் சேருவதற்கு முன்பே புலி மல்லாந்துவிட்டது.

பின்னால் பெஞ்சில் மெல்லக் கிசுகிசுப்பு ஆரம்பித்தது. நம் ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. எல்லார் இடுப்பிலும் கொடுவாள் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. உதட்டைக் கடித்தேன். துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். செத்துப்போன என் அய்யனை நினைத்துப் பார்த்தேன். பட்டக்காரர் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கி, வெட்கமாகக்கூட இருந்தது. அப்போதுதான் ராசா குதிரையில் வந்தார். மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, மேலும் கீழும் குலுங்கிக்கொண்டு வந்தார். அவருடைய இடுப்புக்குக் கீழே, குதிரையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு தலைப்பாகை குலுங்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு கை மேலே எழும்பி மூக்கைச் சொறிந்தது. சுண்டுவிரல் பாதி இல்லாத இடது கை. நம் மலைக்கே ராசா, அவருக்குக் கீழே நான்.

சிரித்துவிட்டேன். துண்டை மீறி வெளியே வந்துவிட்டது. நான் சிரித்தபிறகுதான் பின்னாலிருந்து உன் மூச்சு என் பிடரியில் பட்டது. நீயும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாய் என்று புரிந்தது. அடுத்த நிமிஷம் பெஞ்சிலிருந்து எவனோ கத்தினான். "டேய், அவங்க ராசாவைப் பாத்து அவங்களே சிரிக்கறாங்கடா!" அவ்வளவுதான், கொட்டகையே வெடித்தது. விசில். "அம்மா, பாத்து எறங்கும்மா, வவுத்துப் புள்ளைக்காரி!" நம் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். கொடுவாள்கள் உறையிலிருந்து வரும் சத்தம் எனக்குக் கேட்டது. பட்டக்காரர் எழுந்து, இரண்டு கையையும் விரித்து நம்மவர்களைத் தடுத்தார். "உக்காருங்க! நான் சொல்றேன், உக்காருங்க!" அவர் நம் பக்கம் திரும்பி நின்ற அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து சோடா பாட்டில் வந்து அவர் நெற்றியில் பட்டது.

விளக்கைப் போட்டார்கள். அவர் முகமெல்லாம் ரத்தம். ஒரு கொலை விழுந்திருக்க வேண்டிய இடம் அது, கண்ணு. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விழுந்திருக்கும். அவர் அடிவாரத்து ஆட்களைப் பார்க்கவே இல்லை. நம்மைத்தான் பார்த்தார். "அடிச்சவன் கீழ்நாட்டான். அவனை நான் கேக்கப்போறதில்லே. மொதல்ல சிரிச்சவன் நம்ம ஆளு. யாரு?"

என் வாய் திறந்தது. உண்மையாகவே திறந்தது. கூட்டத்தில் பட்டக்காரருக்கு அடுத்தபடி உட்காருகிறவன், பத்து ஊர் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல அவருக்குத் துணையாக நிற்கிறவன், அவருடைய சம்பந்தியாகப் போகிறவன், இதெல்லாம் சேர்ந்து ஒரு கணத்தில் அந்த வாயை மூடிவிட்டது. பயம் என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் இல்லை. எனக்குப் பின்னால் மணல் நெரியும் சத்தம் கேட்டது. "நான்தானுங்க" என்று நீ சொன்னாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்ற உன் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில், மலை ஏறுமுன் ஓடைக்கரையிலேயே தீர்ப்பு ஆயிற்று. ஒரு வருஷம் ஊர் விலக்கு. யாரும் உனக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. பட்டக்காரர் தம் மகள் பாப்பாயியை உனக்குக் கொடுப்பதாக இருந்த பேச்சும் முறிந்தது. தீர்ப்புச் சொல்லும்போது மரியாதைக்காக எல்லாரும் தலை குனிய வேண்டும் என்பதால் நானும் குனிந்தேன். நீ மேலே வரவில்லை. அங்கிருந்தபடியே ஏற்காட்டுப் பாதையைப் பிடித்தாய். போகும்போது "அம்மாவப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாய். உன் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாலு மாசம் வாயைத் திறக்கவில்லை. பையன் அங்கே நாலு காசு பார்ப்பான், ஒரு வருஷம் ஓடிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒருநாள் இரண்டு பேருக்கு வரப்புத் தகராறில் தீர்ப்புக்கூடச் சொன்னேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர்களை அதட்டினேன்.

போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தாரை இறக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பாப்பாயி வந்தாள். கூட வந்த பெண்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், தாரிலிருந்த காய்களைப் பார்த்தபடி பேசினாள்.

"மாமா, அன்னிக்குச் சிரிச்சது நீங்கதானுங்களே?"

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் இருந்தனுங்க. உங்க சிரிப்பு எனக்குத் தெரியாதுங்களா? இருமற மாதிரி மூணு வெட்டு வெட்டி வரும். அவரு சிரிச்சா சத்தமே வராது. தோளுதான் குலுங்கும்."

அவள் மேலும் சொன்னாள். "குண்டனி நாட்டுலருந்து வார வெள்ளிக்கிழமை பொண்ணு கேட்டு வாராங்க. எங்கய்யன் சரின்னு சொல்லிருவாரு. நானே போயிச் சொல்லியிருப்பேன். சொன்னா, அவரு எதுக்கு எந்திரிச்சு நின்னாரோ அது வீணாப் போயிரும். அதனால நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லோணுங்க." சொல்லிவிட்டு ஒரு சீப்புக் காயை விலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். நான் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் சிரிப்புக்குச் சத்தம் இல்லை என்பது, பெற்று இருபது வருஷம் வளர்த்த எனக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் யோசித்துப் பார்த்தேன். இருட்டில் நூறு பேர் சிரித்தாலும் உன்னை அதில் பிரித்தறிகிற ஒருத்தி உனக்குக் கிடைத்திருக்கிறாள். அவளிடம் எந்தக் காலத்திலும் எதையும் மறைத்து ஜெயிக்க முடியாது, முயற்சி செய்யாதே.

அன்று வீட்டுக்கு வந்து முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள். திருகையை நிறுத்தினாள். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாலு மாசமா நெதமும் எம் பையனைப் பத்தி எங்கிட்ட வெசாரிச்சியே, அது எப்படி உன்னால முடிஞ்சுது?" என்று கேட்டாள். மறுபடி திருகையைச் சுற்ற ஆரம்பித்தாள். அதன்பிறகு என்னிடம் அவள் பேசவில்லை.

மூன்று நாளைக்கு முன் செம்மேட்டில் கூட்டம். வழக்கமான வழக்குகள் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், நான் என் இடத்தை விட்டு இறங்கி, வழக்காடுகிறவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். "ஏனுங்க பட்டக்காரரே, கொட்டாயில மொதல்ல சிரிச்சது எம்பையன் இல்லீங்க. நான்தானுங்க" என்றேன்.

பட்டக்காரரின் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே கேட்டார். "நம்ம ராசாவைப் பாத்தா உனக்குச் சிரிப்பு வந்துது?"

"ராசாவைப் பாத்து இல்லீங்க. குதிரையைப் பாத்துங்க."

"குதிரைக்கு என்ன?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மூங்கில், தவிட்டு மூட்டை, நாலு பேர், தலைப்பாகை, மூக்கைச் சொறிந்த கை. கையை மேலே தூக்கிப் பாதி விரலைக் காட்டினேன். கூட்டத்தின் ஓரத்தில் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். அது ஆண்கள் பக்கம் தாவிற்று. ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இதே சிரிப்புக்காகத்தானே என் பிள்ளை போனான், இப்போது இன்னும் எத்தனை பேர் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். பட்டக்காரர் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். சத்தம் நின்றது.

"அந்தக் குதிரை நீயா?" என்றார்.

"நானும் இன்னும் மூணு பேருமுங்க."

அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. மற்றப் பெரியவர்களோடு தனியே போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்து நின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். உன் மேல் இருந்த விலக்கு அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. குண்டனி நாட்டாருக்கு வரவேண்டாம் என்று ஆள் போகிறது. தை மாசம் பாப்பாயிக்கும் உனக்கும் கல்யாணம். பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஒரு வருசம் வெலக்கு. ராசாவைக் கேவலப்படுத்துனதுக்கு மூணு மாசம். பெத்த பையனை நிக்கவுட்டுட்டு உக்காந்திருந்தியே, அதுக்கு ஒம்பது மாசம்."

கணக்குச் சரிதான் என்று எனக்குப் பட்டது. கும்பிட்டுவிட்டு வந்தேன். கூட்டம் வழி விட்டது. ஒருவரும் பேசவில்லை, பேசக் கூடாதே.

இப்போது மேல்காட்டுக் குடிசையில் இருக்கிறேன். காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க நாம் போட்டோமே, அதேதான். நெருப்பு நானே கடைந்துகொள்கிறேன். உன் அம்மா காலையில் கூழைக் கொண்டுவந்து பாறை மேல் வைத்துவிட்டு, நான் வருவதற்குள் திரும்பிவிடுகிறாள். கட்டுப்பாட்டுக்காக வைத்துவிட்டுப் போகிறாளா, பேசப் பிடிக்காமல் போகிறாளா என்று கேட்க முடியாது. இன்று கூழோடு ஒரு துண்டு கருவாடும் இருந்தது. காப்பித் தோட்டத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் கணக்குப்பிள்ளை கற்றுக்கொடுத்த எழுத்து இதற்காவது உதவிற்று. இந்தக் கடிதத்தை அடிவாரத்துப் பலாப்பழ வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் கட்டுப்பாடு அவருக்கு இல்லை. போன தடவை எடைத் தகராறில் சண்டை போட்டவர்தான். வாங்கிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

தனியாக இருக்கும்போது அந்தப் படம் முழுக்க எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே கேட்பதற்கு யாரும் இல்லாததால் வாய்விட்டுச் சிரிக்கிறேன். பாட்டு முடியக் காத்திருந்த படையை நினைத்து, முன்கூட்டியே செத்த புலியை நினைத்துச் சிரிக்கிறேன். சிரித்து முடித்த பிறகு அந்த மனுஷரை நினைத்துக்கொள்கிறேன். பொருந்தாது என்று தெரிந்தே ஒரு வேஷத்தை ஒப்புக்கொண்டு, அதைக் கடைசிவரை முழு மனதோடு செய்தார். எனக்குக் கொடுத்திருந்தது அப்பன் வேஷம். அது பொருந்துமா என்று நான் யோசித்தே பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு நான் வர முடியாது. என் இடத்தில் உன் தாய்மாமனை நிற்கச் சொல். அதற்காக வருத்தப்படாதே, நாளைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்காதே. அவர் தள்ளிப்போடவும் மாட்டார். இந்தக் காட்டிலிருந்து பார்த்தால் பட்டக்காரர் வீட்டு வாசல் தெரியும். பந்தல் போடுவதும், கூட்டம் சேருவதும், மேளக்காரர் வருவதும் தெரியும். முகம் தெரியாது, ஆனால் எது நீ என்று கண்டுபிடித்துவிடுவேன்.

மலை ஏறி வரும்போது உனக்கு நம் காட்டு வழிதான் குறுக்கு வழி. அதிலேயே வா. நான் பாறைக்கு மேலே தள்ளி நிற்பேன். பக்கத்தில் வராதே, பேசாதே, கையை ஆட்டாதே. இத்தனை பட்டு வாங்கின விடுதலையை என்னால் நீ இழந்துவிடக் கூடாது. நின்று ஒரு நிமிஷம் மூச்சு வாங்குவது போல நில். உன் தோள் குலுங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பன்